பலகை சொன்ன ஐந்து இடங்கள்

கரூருக்குக் கிழக்கே, ரயில் பாதையை ஒட்டி ஒரு மைதானம் இருந்தது. அதன் மூலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. கிரிக்கெட் சாமான்கள் எல்லாம் அதற்குள்தான் குடியிருந்தன.

ஊர்க்காரர்களுக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமை லீக் நடக்கும். தை மாதம் தொடங்கிப் பத்து ஞாயிறு. பஸ் பாடி கட்டுகிறவர்கள், ஜமுக்காளம் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், வாத்தியார்கள், மருந்துக்கடைக்காரர்கள் எல்லாரும் கலந்து எட்டு அணிகள்.

சாமான்களுக்கு என்று தனியாக ஒரு லீக் இருந்தது. அது ஆட்களுக்குத் தெரியாது.

அறையில் இருந்த ஐவர் அதை ஆடினார்கள். ஹெல்மெட், மட்டை, ஒன்றாகவே பேசும் இரண்டு பேடுகள், ஒன்றுக்கொன்று ஒத்தே போகாத மூன்று ஸ்டம்புகள், பவுண்டரிக் கயிறு. ஒவ்வொருவரும் எட்டு அணிகளிலிருந்தும் பொறுக்கி நான்கு ஆட்டக்காரர்களைத் தன் அணி என்று வைத்துக்கொள்வார்கள். அந்த நால்வர் ஞாயிறன்று எடுக்கிற ரன்னுக்கு ஒரு புள்ளி, கேட்சுக்குப் பத்து, விக்கெட்டுக்கு இருபது. பத்து ஞாயிறும் முடிந்தபின் கூட்டிப் பார்த்தால் யார் முதல், யார் கடைசி என்று தெரிந்துவிடும்.

கடைசியாக வருகிறவருக்கு ஒரு தண்டனை உண்டு. அறையின் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. அடுத்த தை வரைக்கும் அதன் நேர் கீழேதான் அவர் கிடக்க வேண்டும்.

ஆறாவதாக ஸ்கோர் பலகையும் அந்த அறையில்தான் இருந்தது. அது ஆடுவதில்லை. அதன் வேலை வேறு. ஆட்டக்காரர்களைப் பொறுக்கி முடித்ததும் ஐவரும் பலகையின் முன்னால் வந்து நிற்பார்கள். யார் எத்தனையாவதாக வருவார்கள் என்று அது முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம்கூட ஐந்து இடமும் சரியாக வந்ததில்லை. போன வருஷம் முதலில் வரும் என்று சொன்ன ஹெல்மெட் கடைசியில் வந்தது. அது மழை முழுக்க நனைந்து, உள்ளே இருந்த பஞ்சு நாறிப்போய், இன்னமும் அந்த நாற்றத்தோடுதான் இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் பலகை, "இந்தத் தடவையோடு விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும். விடாது. ஞாயிறுதோறும் அது சுமப்பதெல்லாம் அடுத்தவர்களின் எண்கள். யாரோ அடிக்கிறார்கள், யாரோ ஓடுகிறார்கள், யாரோ எண்ணைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். அது தானாகச் சொல்கிற வார்த்தை என்று வருஷத்தில் இந்த ஒன்றுதான் இருந்தது.

அந்தத் தையிலும் ஐவரும் வந்து நின்றார்கள்.

"சொல்லு, முடிச்சுவிடு" என்றது ஹெல்மெட்.

பலகை பெருமூச்சு விட்டது. "முதலில் ஹெல்மெட். இரண்டாவது ஸ்டம்புகள்."

"நான் இருந்தும் இரண்டாவதா?" என்றது நடு ஸ்டம்பு.

"நீ இருப்பதால்தான்" என்றது இடது ஸ்டம்பு.

"மூன்றாவது மட்டை. நான்காவது பேடுகள். கடைசியில் கயிறு."

கயிறு ஓட்டையை அண்ணாந்து பார்த்தது. அது சணல் கயிறு. ஈரம் என்றாலே அதற்குப் பயம்.

"நான் ஏன் கடைசி?" என்று கேட்டது.

"யாரை எடுத்து வைத்திருக்கிறாய் என்று பார். மூன்று பேர் புதுசு. நாலாவது சூசைமாணிக்கம். முப்பத்தாறு வயசு. வேகப் பந்து போடுகிறவனுக்கு அது கிழட்டு வயசு."

"போன வருஷம் முப்பத்தோரு விக்கெட் எடுத்தான்."

"அது போன வருஷம்."

கயிறு சூசைமாணிக்கத்தை எடுத்ததற்கு விக்கெட் மட்டும் காரணம் இல்லை. மற்ற ஆட்டக்காரர்கள் பந்தைத் துரத்தி வரும்போது கயிற்றை உதைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். அவன் ஒருவன்தான் குனிந்து அதை இருந்த இடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போவான். இதைப் பலகையிடம் சொன்னால் சிரிக்கும் என்று கயிறு சொல்லவில்லை.

பலகை சொன்னதிலிருந்து அறையில் ஒரு மாற்றம் வந்தது. ஹெல்மெட் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. பேடுகள் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டன. ஓட்டைக்குக் கீழே கிடந்த காலிச் சாக்கைக்கூட மட்டை ஒதுக்கி வைத்து, "உனக்கு இடம் தயார்" என்றது. ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

ஞாயிறன்று பலகையை வெளியே தூக்கி வந்து பூவரச மரத்தடியில் நிறுத்துவார்கள். எண் மாட்டுகிறவள் அமிர்தவல்லி. நாற்பத்தைந்து வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். தம்பி ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவனுக்காக ஸ்கோர் எழுத வந்தவள். தம்பி துபாய்க்குப் போய்விட்டான். அவள் மட்டும் நின்றுவிட்டாள். முக்காலியில் ஏறி, தகர எண்களைக் கொக்கியில் மாட்டுவதும் கழற்றுவதுமாக அவளுடைய ஞாயிறு போய்விடும். வேலை நாளின் அலுப்பு அன்றைக்கும் அவள் முகத்தில் இருக்கும்.

முதல் இரண்டு ஞாயிறும் சூசைமாணிக்கத்துக்கு ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, அவனுடைய அணி மட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவன் பலகைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான்.

"என்ன சூசை, வேர்த்துக் கொட்டுது. உடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று கேட்டாள் அமிர்தவல்லி.

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க. வலது கண்ணுல நடுவுல கருப்பா ஒரு பொட்டு நிக்குதுங்க. பேட்ஸ்மேன் முகம் தெரிய மாட்டேங்குது. சுத்தி இருக்கறதெல்லாம் தெரியுது, அவன் மட்டும் தெரியல."

"பஸ் பட்டறையில வெல்டிங் ஆர்க் வெளிச்சம் அடிச்சதுனாலயா?"

"பதினாலு வருஷம்ங்க்கா. மூஞ்சிக்கு மறைப்புக் கண்ணாடி புடிக்கறதுக்கு ஒரு கை வேணும். பாதி நேரம் கை ஏது? டாக்டர் வெல்டிங்கை விடச் சொல்லிட்டாரு. இடது கண்ணும் மங்கிட்டு வருது, அதுவும் போயிரும்ங்கறாரு."

"அப்புறம் எதுக்கு வெயில்ல வந்து நிக்கறீங்க?"

"இந்த வருஷம் மட்டும் ஆடி முடிச்சுக்கறேன். எங்க டீம்ல பந்து போட வேற ஆள் இல்ல. இன்னும் ஏழு வாரந்தானுங்களே."

மைதானத்தில் யாரோ நாலு ரன் அடித்துவிட்டார்கள். அவள் ஏறி எண்ணை மாட்டினாள்.

பலகை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. கயிறு கடைசிதான், சந்தேகமே இல்லை. மற்ற நான்கு இடமும் அதுவரை சொன்னபடியே போய்க்கொண்டிருந்தன. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, ஐந்துக்கு ஐந்து.

சாமான்களின் லீக்கில் ஒரு விதி இருந்தது. நான்காவது ஞாயிறு முடிந்த மறுநாள், ஆளுக்கு ஓர் ஆட்டக்காரரை விட்டுவிட்டு, யாரும் எடுக்காத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வருஷம் ஜாபர் என்று ஒரு சுழற்பந்துக்காரர் பாதியில் வந்து சேர்ந்திருந்தார். வந்த முதல் நாளே நான்கு விக்கெட் எடுத்தார். அவரை யாரும் எடுத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கயிறு ஊர்ந்து ஊர்ந்து பலகையிடம் வந்தது.

"பலகையே, நீ ஆட்டக்காரர்கள் வந்து உட்காரும் மரத்தடியில் நிற்கிறவன். கிட்டத்தில் பார்க்கிறாய், கேட்கிறாய். சூசையை விட்டுவிட்டு ஜாபரை எடுக்கட்டுமா? அவனுக்கு என்னதான் ஆயிற்று? இனி வரும் வாரங்களில் தேறிவிடுவானா?"

பலகை மனசுக்குள் கூட்டிப் பார்த்தது. ஜாபர் கயிற்றிடம் போனால் கணக்கு மாறும். பேடுகள் ஐந்தாவதாகிவிடும், கயிறு நான்காவதாகிவிடும். மறுபடியும் ஐந்துக்கு மூன்று. மறுபடியும் மட்டை சிரிக்கும்.

'அவன் ரகசியமாகச் சொன்னதை நான் எப்படி வெளியில் சொல்வது?' என்று அது தனக்குள் கேட்டுக்கொண்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும்" என்றது. "நல்ல பந்துவீச்சாளன். வைத்துக்கொள்."

"நீ சொன்னால் சரிதான்" என்று கயிறு திரும்பிப் போனது.

ஜாபரை யாரும் எடுக்கவில்லை. மற்றவர்களுக்கு அவரவர் இடம் போதுமாக இருந்தது.

ஆறாவது ஞாயிறு. வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் ஓடி வந்து பந்தைப் போட்டான். எதிரே இருந்தவர் அதை நேராக ஓங்கி அடித்தார். பந்து சூசையின் வலது காதை உரசிக்கொண்டு போயிற்று. ஒரு விரல் தள்ளி வந்திருந்தால் நெற்றிப்பொட்டு.

அவன் அசையவில்லை. குனியவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை.

மைதானமே கைதட்டியது. "நிக்கறான் பாரு மலையாட்டம்!" என்று யாரோ கத்தினார்கள். நடுவர்கூடத் தோளில் தட்டிக்கொடுத்தார். சூசை என்ன நடந்தது என்று புரியாமல் சிரித்தான்.

அமிர்தவல்லி கைதட்டவில்லை. அவள் கையில் நான்காம் எண் இருந்தது. அதை முக்காலியின் மேல் வைத்துவிட்டு இறங்கினாள். கயிற்றைத் தாண்டி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கிற மைதானத்துக்குள் நேராக நடந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கோட்டைத் தாண்டியதே இல்லை. எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சூசையின் அணித்தலைவர் கனகசபை ஒரு மருந்துக்கடை வைத்திருந்தார். அவரிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க, சூசைக்குக் கண்ணு தெரியல. அந்தப் பந்து வந்ததே அவருக்குத் தெரியாது. தைரியத்துல நிக்கலீங்க. தெரியாம நின்னாரு."

கனகசபை சூசையைப் பார்த்தார். "நெசமா?"

சூசை தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல? உம்பட தலையில பட்டிருந்தா உங்க ஊட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஏழு வாரத்தை ஓட்டிரலாம்னு பாத்தேனுங்க."

"பந்தைக் குடு. போய் உக்காரு."

சூசை பந்தைக் கொடுத்தான். வெளியே வரும்போது அமிர்தவல்லியின் பக்கத்தில் நின்றான். "நம்பித்தானே அக்கா சொன்னேன்" என்றான். "நீங்க நம்பர் மாட்டறவங்க. அதோட நிறுத்தியிருக்கலாம்."

அவள் திரும்பி வந்து முக்காலியில் ஏறினாள். நான்காம் எண்ணை விக்கெட் கொக்கியில் மாட்டிவிட்டாள். நடுவர் தூரத்திலிருந்து கத்தினார். கழற்றிச் சரியாக மாட்டினாள்.

அவள் ஓங்கி மாட்டிய அதிர்வு பலகையின் மரம் முழுக்க ஓடியது. தனக்கும் அவளுக்கும் தெரிந்திருந்தது ஒரே விஷயம்தான் என்று அதற்குப் பட்டது. அந்த நினைப்பு அதற்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் முடிகிற வரைக்கும் எண்களையே எண்ணிக்கொண்டிருந்தது.

அடுத்த மூன்று ஞாயிறும் சூசை மைதானத்துப் பக்கமே வரவில்லை. அமிர்தவல்லி தன் வேலையைப் பார்த்தாள். இடைவேளையில் யாராவது டீ கொண்டுவந்து கொடுத்தால் குடித்தாள். ஒருமுறை கனகசபை வந்து, "அவன் கோவம் தணிஞ்சிரும், விடுங்க" என்றார். "தணியாட்டிப் போகுதுங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு, சரியாக மாட்டியிருந்த எண்ணையே கழற்றி மறுபடி மாட்டினாள்.

பத்தாவது ஞாயிறு, கடைசி ஆட்டம். பாதி நடந்துகொண்டிருக்கும்போது சூசைமாணிக்கம் வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பூவரச மரத்தடிக்கு வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"பட்டறையை விட்டுட்டேனுங்க்கா" என்றான். "பெட்ஷீட் கம்பெனியில மடிக்கிற வேலை. சம்பளம் கொறைச்சல்தான். உக்காந்தே பாக்கலாம்."

"கண்ணு?"

"வலது அவ்வளவுதான். இடது மங்கினது அதோட நின்னுருச்சு, இனி போகாதுங்கறாரு டாக்டரு."

"சரி" என்றாள் அவள்.

அவன் பலகையை அண்ணாந்து பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "ஸ்கோர் என்னங்க்கா? இங்கிருந்து எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"நூத்தி பதினெட்டுக்கு ஆறு" என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு எண்ணை மாட்டும்போதும் அவனுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினாள். ஆட்டம் முடியும் வரை அப்படியே சொன்னாள்.

மறுநாள் காலையில் சாமான்கள் புள்ளிகளைக் கூட்டின. முதலில் ஹெல்மெட். பிறகு ஸ்டம்புகள். பிறகு மட்டை. நான்காவது பேடுகள். பேடுகளைவிடப் பதினான்கு புள்ளி குறைவாகக் கயிறு. ஒரே ஒரு விக்கெட் கிடைத்திருந்தால் மாறியிருக்கும். யாரும் எடுக்காத ஜாபர் இருபத்திரண்டு விக்கெட் எடுத்திருந்தார்.

"ஐந்துக்கு ஐந்து!" என்று கத்தியது மட்டை.

"இருபது வருஷத்தில் முதல் தடவை" என்றது வலது ஸ்டம்பு.

"இனிமேல் பலகை சொன்னால் சொன்னதுதான்" என்றன பேடுகள்.

எல்லோரும் பலகையைச் சுற்றி நின்றார்கள். இதற்காகத்தான் அது காத்திருந்தது. ஆனால் இத்தனை வருஷம் தப்பாகச் சொன்னபோது இருந்ததைவிட இப்போது அதிகமாக அலுத்துப்போயிருந்தது. கயிறு தன்னைச் சுருட்டிக்கொண்டு ஓட்டைக்குக் கீழே போனது.

சித்திரை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானத்துக்கு மேல் கோடை மழை பிடித்தது. தண்ணீர் ஓட்டை வழியாக நேராகக் கயிற்றின் மேல் விழுந்தது. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கயிறே" என்று பலகை மெல்லக் கூப்பிட்டது. "சூசைக்குக் கண் தெரியவில்லை என்று எனக்கு மூன்றாவது ஞாயிறே தெரியும்."

கயிறு நனைந்த நுனியைத் தூக்கியது.

"நான் கேட்க வந்தது நான்காவது ஞாயிறு முடிந்து" என்றது.

"ஆமாம்."

"அப்போது தெரியும்."

"தெரியும். சொல்லியிருந்தாலும் நீ அவனை விட்டிருக்க மாட்டாய், இல்லையா? உனக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம்."

"விட்டிருப்பேன்" என்றது கயிறு. "அவனை எனக்குப் பிடிக்கும். நனைவதற்குப் பயமாகவும் இருந்தது. விட்டுவிட்டு ஜாபரை எடுத்திருப்பேன். எனக்குச் சமாதானம் சொல்லாதே. உனக்கே சொல்லிக்கொள்."

அதற்குப் பிறகு கயிறு பலகையோடு பேசவில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் அந்த வருஷம் நன்றாகவே பெய்தன.

தை பிறந்ததும் கனகசபை அறையைத் திறந்து, கயிற்றை எடுத்து இழுத்தார். அது இரண்டாக வந்தது. மறுபடி இழுத்தார். மூன்றாக வந்தது. "அட, மக்கிப்போச்சு" என்று வெளியே வேலியோரம் போட்டுவிட்டு, சந்தையிலிருந்து நீல நிறத்தில் ஒரு நைலான் கயிறு வாங்கி வந்து வைத்தார்.

சாமான்கள் புது வருஷத்துக்கான ஆட்டக்காரர்களைப் பொறுக்கி முடித்தன. நைலான் கயிற்றுக்கும் விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அது சுறுசுறுப்பாக நால்வரை எடுத்துக்கொண்டது. பிறகு எல்லோரும் பலகையின் முன்னால் வந்து நின்றார்கள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லு" என்றது ஹெல்மெட்.

"எனக்குத் தெரியாது" என்றது பலகை.

"விளையாடாதே. ஐந்துக்கு ஐந்து சொன்னவன் நீ."

"அது சொன்னது இல்லை. சொல்லாமல் இருந்தது."

அவர்களுக்கு அது புரியவில்லை. "பெருமை ஏறிவிட்டது" என்றது நடு ஸ்டம்பு. முதல் தடவையாக மற்ற இரண்டு ஸ்டம்புகளும் அதை ஒத்துக்கொண்டன. ஒவ்வொருவராக விலகிப் போய் ஹெல்மெட்டைச் சூழ்ந்துகொண்டு, "சரி, நீயாவது சொல்லு" என்று கேட்டார்கள். ஹெல்மெட் தொண்டையைச் செருமிக்கொண்டது.

நைலான் கயிறு மட்டும் போகவில்லை.

"எனக்கு மட்டுமாவது சொல்லு" என்றது. "நான் எத்தனையாவதாக வருவேன்?"

பலகை அதைப் பார்த்தது. பளபளவென்று புதிதாக இருந்தது.

"உன் அணியில் வாசுதேவன் என்று ஓர் இடதுகை ஆட்டக்காரர் இருக்கிறாரே, அவருக்கு முழங்கால் சரியில்லை. போன வாரம் பயிற்சியின்போது இந்த அறைப் படியில் ஏறுவதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்தேன். இப்போதே வேண்டுமானால் வேறு ஒருவரை எடுத்துக்கொள்."

நைலான் கயிறு அலுத்துக்கொண்டது.

"அதையா கேட்டேன்? எத்தனையாவதாக வருவேன் என்றுதானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டிடம் போனது.